மேல்தண்ணி நாள்

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கரட்டூரில் குழாய்த் தண்ணீர் மேல்நோக்கி விழ ஆரம்பித்தது. குழாயின் வாய் எப்போதும்போல் தரையைப் பார்த்துத்தான் இருந்தது, தண்ணீரும் வாயை விட்டு ஒரு விரற்கடை கீழே இறங்கத்தான் செய்தது, அதற்குப் பிறகு வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவரைப் போல அப்படியே திரும்பி, குழாயை உரசிக்கொண்டு நேராக மேலே போனது. யாரும் பிடிக்காமல் விட்டால் வேப்பமரத்து உச்சி வரை ஏறி, அங்கே உட்கார்ந்திருந்த காக்கைகளைக் குளிப்பாட்டிவிட்டு, அதற்கு மேல் களைத்துப்போய்ச் சாதாரணத் தண்ணீராகி எல்லோர் தலையிலும் கொட்டியது. தேரடித் தெருக் குழாயில் முதல் குடம் வைத்திருந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வந்ததே பெருசு, அது எந்தப் பக்கம் போனா நமக்கென்ன" என்று குடத்தைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். குடம் நிறைந்தது. மூன்று நாட்களாகத் தண்ணீர் வராத ஊரில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை.

இதைக் கேட்டதும் மோட்டாரைப் பார்த்தவள் ஒருத்திதான். அவள் ஊருக்கு மேற்கே ஆற்றோரத்துப் பம்ப் ஹவுஸில் இருந்தாள். பெயர் இசக்கியம்மாள், வயது இருபத்துமூன்று, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு அரசாங்கத் தண்ணீர் இலாகாவில் ஒரு வருட அப்ரண்டிஸாகச் சேர்ந்து எட்டு மாதம் முடித்திருந்தாள். இன்னும் நான்கு மாதம் தள்ளிவிட்டால் சான்றிதழ் கைக்கு வரும், அது வந்தால் எந்த ஊரில் வேலை காலி என்றாலும் மனுப் போடலாம். அவளுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டிய வயர்மேனின் பணியிடம் மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்ததால், அப்ரண்டிஸாக வந்த அன்றே அவள்தான் வயர்மேன் என்று ஆகிப்போனது. அங்கே அவளைத் தவிர இருந்தவர் பம்ப் ஆபரேட்டர் பால்வண்ணம் மட்டும்தான். ஒப்பந்தத்தில் பத்தொன்பது வருடமாக மோட்டார் ஓட்டுகிறவர். மின்சாரம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம், பச்சைப் பொத்தானைக்கூட வேப்பங்குச்சியால்தான் அழுத்துவார்.

அந்தப் பால்வண்ணம் மூச்சிரைக்கச் சைக்கிளில் வந்து, "எம்மா இசக்கி, ஊருக்குள்ள தண்ணி மேல போவுது. மோட்டாரு நல்லாத்தான ஓடுது?" என்று கேட்டபோது, அவள் மோட்டாரின் மேல் கிடந்த செவ்வந்தி மாலையை மெல்ல ஒதுக்கிப் பார்த்தாள். இரும்பில் வார்த்திருந்த அம்புக்குறி வலப்பக்கம் காட்டியது. தண்டு இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பேரிங் தேய்ந்துபோனதால் பூஜைக்கு முந்தின நாள் மோட்டாரின் மூன்று வயர்களையும் கழற்றிப் போட்டிருந்தார்கள். புது பேரிங் விற்கும் கடைக்காரர் பூஜை முடித்துத்தான் கடை திறப்பேன் என்று சொல்லிவிட்டார். வயர்கள் வெயிலில் கறுத்துப்போன பழைய வயர்கள், இன்னது மின்சாரத்தின் இன்ன ஃபேஸ் என்று சொல்ல நுனியில் சுற்றிய சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று டேப் துண்டுகள்தான் அடையாளம். ஆயுத பூஜையன்று பால்வண்ணம் பயபக்தியோடு ஸ்பேனர் முதல் துடைப்பம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார், தரையில் கிடந்த வயர் நுனிகளை மட்டும் விட்டால் நல்லாயிருக்காதென்று சிவப்பு டேப்பின் மேல் மஞ்சளைக் குழைத்து அப்பினார், மஞ்சள் டேப்பின் மேல் குங்குமத்தை அப்பினார். மறுநாள் இசக்கி நிறம் பார்த்து வயர்களை இணைத்தாள். மூன்று வயரில் எந்த இரண்டு இடம் மாறினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது ஐ.டி.ஐ. முதல் வருடப் பாடம். அதனால்தான் இணைத்ததும் ஒருமுறை ஓடவிட்டு அம்புக்குறியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். "பூசை மாலையைத் தொடாதம்மா" என்று பால்வண்ணம் சொன்னார், அவள் கையில் சுண்டல் பொட்டலம் வேறு இருந்தது, அம்புக்குறியைப் பார்க்காமலே விட்டுவிட்டாள்.

இப்போது ஸ்பேனரை எடுத்தாள். பத்து நிமிட வேலை, யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அம்மா செல்லக்கனி.

"ஏட்டி இசக்கி, நம்ம தெருக் கொழாயில தண்ணி வருதுட்டி! நம்ம தெருவுலட்டி! ஆட்டக்கூட இன்னும் அவுக்கல, அது மெரண்டு போயிக் கத்துது!"

இசக்கி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

அவர்கள் தெரு கரட்டுமேடு. ஊரின் கிழக்கு ஓரத்துப் பாறைச் சரிவில் அறுபது வீடுகள். பதினொரு வருடத்துக்கு முன்னால் குழாய் போட்டார்கள், மாலை போட்டுத் திறந்தார்கள், தண்ணீர் மட்டும் ஒருநாளும் அந்த மேட்டில் ஏறியதில்லை. அந்தக் குழாய்களில் ஆடு கட்டினார்கள், கோலப்பொடி டப்பாவைத் தொங்கவிட்டார்கள், ஒரு குழாயில் வாக்காளர் பட்டியல்கூட ஒட்டியிருந்தது. மேட்டுப் பெண்கள் தண்ணீருக்கு முந்நூற்றுப் பதினெட்டுப் படிகள் இறங்கி ஊரின் அடிமட்டத்துக்கு, குளத்தை ஒட்டியிருந்த பள்ளத்து லைன் வீடுகளின் குழாய்க்குத்தான் போக வேண்டும். முப்பது வருடம் குடம் சுமந்து செல்லக்கனியின் உச்சியில் சும்மாடு வைக்கும் இடத்தில் முடி முளைப்பதை நிறுத்திவிட்டது. இசக்கி எலக்ட்ரீஷியன் படித்ததே அந்த உச்சந்தலையைப் பார்த்துத்தான், என்றைக்காவது ஒரு மோட்டாரை ஓட்டி அம்மா தெருவுக்குத் தண்ணீர் ஏற்றிவிட வேண்டும் என்று. ஏற்றிவிட்டாள். தப்பாக வயர் கட்டி ஏற்றினாள் என்பது ஒன்றுதான் உறுத்தல்.

மேலே போக ஆசைப்படுகிற தண்ணீருக்கு மேடுதான் முதலில் கண்ணில் படும். கரட்டுமேட்டில் காலை ஆறரைக்கே கைவளையைப் பிடுங்கிக்கொண்டு போகிற வேகத்தில் வந்தது, தேரடித் தெருவிலும் பஜாரிலும் இரண்டாம் நாளிலிருந்து ஏழரைக்கு மேல் நூலாக வந்தது. ஊர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வேப்பங்கிளைகளில் கயிறு கட்டிக் குடங்களை வாய் கீழாகத் தொங்கவிட்டார்கள், யார் குடம் யாருடையது என்று தெரிய ரிப்பன் கட்டினார்கள். உலை கொதிக்கிற நேரம் குடத்துக்குள் இருந்தால் தண்ணீர் தன் பிடிவாதத்தை மறந்து சாதாரணமாகிவிடும், அந்த நொடியே குடத்தை நிமிர்த்திவிட வேண்டும், மறந்தவர் வீட்டில் மொத்தமும் தலையில் கொட்டும். அப்படி ஒருமுறையாவது நனையாத வீடு ஊரில் இல்லை. குளிக்கிறவர்கள் ஸ்டூலில் ஏறி நின்றார்கள், தண்ணீர் பாதத்தில் தொடங்கித் தலையில் முடிந்தது, சோப்பு கண்ணில் படுவதற்குள் குளியலே முடிந்துவிடுகிறதே என்று பிள்ளைகளுக்குச் சந்தோஷம். சிவன் கோயிலில் அபிஷேகத்துக்கு என்ன செய்வது என்று கேட்டபோது குருக்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பாதாதி கேசம்தானே முறை? இத்தனை நாள் நாமதான் தலையிலிருந்து தப்பாப் பண்ணிண்டிருந்தோம்" என்றுவிட்டார். ஆறடி மூன்றங்குல உயரத்தால் முப்பத்தெட்டு வயதுவரை பெண் கிடைக்காமல் இருந்த ஆவுடையப்பனுக்கு அந்த மாதம் மட்டும் மூன்று வரன் வந்தது. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை, கை எவ்வளவு தூரம் எட்டும் என்றுதான் கேட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பொறியாளர்கள் காரில் வந்தார்கள். குழாயை அளந்தார்கள், ஆற்றை அளந்தார்கள், வயர்கள் சேரும் டெர்மினல் பாக்ஸைத் திறந்து சிவப்பு சிவப்பில், மஞ்சள் மஞ்சளில், நீலம் நீலத்தில் இருப்பதைப் பார்த்து 'இணைப்புகள் சரி' என்று குறித்துக்கொண்டார்கள். மாலையை எடுக்கச் சொன்னபோது பால்வண்ணம், "பூசை மாலை சார், தானா உதிரணும்" என்றார், அவர்களும் சாமி விஷயத்தில் தலையிடவில்லை. இசக்கி பக்கத்தில் டெஸ்டரோடு நின்றாள். வாயைத் திறக்கத்தான் நினைத்தாள். அன்று காலை அம்மா குழாயடியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு, பகலில், ஒரு வேலையும் இல்லாமல் கட்டிலில் சும்மா படுத்திருந்தது ஞாபகம் வந்தது. அம்மா சும்மா படுத்து அவள் பார்த்ததே இல்லை. டெஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இப்படி முப்பத்தொன்பது நாட்கள் போயின. நாற்பதாவது நாள் இசக்கிக்கு வார விடுமுறை. காலையில் கோலம் போட வெளியே வந்தவள் ரோசம்மாவைப் பார்த்தாள்.

ரோசம்மா பள்ளத்து லைன்காரி. பஜார் தெருக்களைக் கூட்டுகிற வேலை. அந்த லைனில் இருந்த இருபத்தாறு குடும்பங்களுமே ஊரைக் கூட்டி அள்ளுகிற குடும்பங்கள்தான். ஊரிலேயே தாழ்ந்த இடம் என்பதால் முன்பெல்லாம் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். அவர்களுக்கென்று இந்த ஊரில் முதலில் கிடைத்தது அது ஒன்றுதான். இப்போது நாற்பது நாளாக அங்கே சொட்டுக்கூட இல்லை. பஜார்க்காரர்களுக்குத் தொட்டி இருந்தது, லாரி இருந்தது. ரோசம்மா முந்நூற்றுப் பதினெட்டுப் படி ஏறிவந்து, இடுப்பில் குடத்தோடு செல்லக்கனிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"யக்கா, ஏழு மணிக்கு மேஸ்திரி ஆஜர் எடுப்பாரு. இல்லன்னா இன்னைக்கு வேல போச்சு. ஒரே ஒரு கொடம் புடிச்சிக்கிடுதேன்."

செல்லக்கனி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் குடத்தைத்தான் பார்த்தாள். "எங்க தெரு ஆளுவ முடிச்சப்பெறவு. வரிசையில நில்லு."

இசக்கிக்கு அந்தப் பார்வை தெரியும். அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்து லைனில் நின்ற வயதில் அங்கிருந்த பெண்கள் இப்படித்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்து, எங்க ஆளுவ முடிச்சப்பெறவு என்பார்கள். ரோசம்மா ஏழேகால் வரை நின்றாள். பிறகு காலிக் குடத்தோடு படியிறங்கி ஓடினாள்.

"ஏம்மா அப்படிச் செஞ்ச? ஒரு கொடம்தான கேட்டா" என்றாள் இசக்கி, வீட்டுக்குள் வந்ததும்.

"முப்பது வருசம் அவ வாசல்ல நான் நின்னேன்லா? நாப்பது நாளு அவ நிக்கட்டும். என்ன கொறஞ்சி போச்சி?"

அம்மா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. தன் கையால் மாற்றிக் கட்டிய இரண்டு வயர் அம்மாவின் தலைச் சுமையை எடுத்து ரோசம்மா இடுப்பில் வைத்திருக்கிறது என்பது மட்டும் சோற்றுக்குள் கல்லாகக் கடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் பகல் உதவிப் பொறியாளர் கமலவேணி மேடம் பம்ப் ஹவுஸுக்கு வந்தபோது, இசக்கி காய்ந்த மாலையை எடுத்துவிட்டு அம்புக்குறியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். பால்வண்ணம், "ஐயோ, என் பூசையிலதான் வெனையா!" என்று நெஞ்சில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் குனிந்து அம்புக்குறியையும் மோட்டார்த் தண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இசக்கி, நீ வாயால சொன்னது என் காதுல விழல. எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பியே ஆகணும். உன் சர்டிஃபிகேட் போயிடும். அப்ரண்டிஸைத் தனியா வேலை செய்ய விட்டதுக்கு எனக்கும் மெமோ வரும். யோசிச்சுக்கோ."

"நாப்பது நாளா அதத்தான் மேடம் யோசிக்கேன்" என்று சொல்லிவிட்டு இசக்கி ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. மோட்டாரை ஒருநாள் இந்தப் பக்கமும் ஒருநாள் அந்தப் பக்கமும் ஓட்டினால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறித் தண்ணீர் போகும், தினமும் பத்து நிமிட வேலைதான் என்று.

மேடம் அதைப் படித்துவிட்டு, "இப்படி ஓட்டறதுக்கு விதியில இடமே கிடையாதும்மா" என்றார்.

"தண்ணி மேல ஏறுறதுக்கும் விதியில எடம் கெடையாதே மேடம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "இப்ப என் கண்ணு முன்னாடி சரியா மாட்டு. அப்புறம் ஒரு விஷயம். ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்குப் பக்கத்து ஊர்த் தண்ணி ஸ்கீம்ல வேலை இருக்கு. நான் வராத நாள்ல மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இசக்கி பாக்ஸைத் திறந்தாள். வயர் நுனிகளைத் துணியால் துடைத்தபோது மஞ்சளுக்கு அடியிலிருந்து சிவப்பும் குங்குமத்துக்கு அடியிலிருந்து மஞ்சளும் வெளியே வந்தன.

அடுத்த நாள் காலை கரட்டுமேட்டில் குழாய் வறண்டு கிடந்தது. செல்லக்கனி கொஞ்ச நேரம் குழாயைத் திருகித் திருகிப் பார்த்தாள், பிறகு பரணிலிருந்து சும்மாட்டுத் துணியை எடுத்து உதறி உச்சியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே இசக்கியும் ஒரு குடத்தோடு போனாள். பள்ளத்து லைனில் தண்ணீர் ஒழுங்காகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. ரோசம்மா குழாயடியில் இருந்தாள். செல்லக்கனி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்க்கா, அங்க வரலியா?" என்று கேட்டாள் ரோசம்மா.

"வரல."

ரோசம்மா தன் இரண்டு குடத்தை நிரப்பினாள். மூன்றாவதை வைக்கப் போனவள், செல்லக்கனியை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தக் குடத்தை ஓரமாகத் தள்ளினாள். "எனக்கு ஆஜருக்கு நேரமாச்சி. நீங்க வச்சிப் புடிங்க." அவ்வளவுதான் சொன்னாள், சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

குடம் நிறைகிற சத்தத்துக்கு நடுவே இசக்கி சொன்னாள்: "அம்மா, மோட்டார நான்தான் மாத்துனேன்."

செல்லக்கனி குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முந்நூற்றுப் பதினெட்டுப் படியும் ஏறினாள். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், மகள் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. காலண்டரில் மேல்தண்ணி நாளுக்குக் குங்குமமும் கீழ்தண்ணி நாளுக்கு மஞ்சளும் தொட்டு வைத்தார்கள், கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் சமையல்காரரிடம் அது எந்தத் தண்ணி நாள் என்று முதலில் சொன்னார்கள், குருக்கள் ஒருநாள் பாதத்திலிருந்தும் மறுநாள் தலையிலிருந்தும் அபிஷேகம் செய்து இரண்டும் சாஸ்திரம்தான் என்றார். ஆனால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற அளவு பாத்திரம் கரட்டுமேட்டிலும் இல்லை, பள்ளத்து லைனிலும் இல்லை. அதனால் கீழ்தண்ணி நாளில் மேட்டுப் பெண்கள் கீழே இறங்கினார்கள், மேல்தண்ணி நாளில் பள்ளத்துப் பெண்கள் மேலே ஏறினார்கள். நேற்று யார் வாசலில் நின்றோம், நாளை யார் நம் வாசலில் நிற்பார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதில், குழாயடியில் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

மேலிடத்துப் பதில் என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்று இசக்கி பால்வண்ணத்துக்கு வயர் மாற்றப் பழக்கினாள். முதல் நாள் அவர் ஃபியூஸைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகும் நம்பாமல், செருப்புக்கு மேல் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, ஃபியூஸ் ஒங்க சட்டப்பையில கெடக்கு. கரண்டு எப்படி வரும்?" என்று அவள் கேட்டபோது, "அதுக்கு வழி தெரியாமலா இருக்கும்?" என்றார். பதினைந்தாம் நாள் அவர் ஒரே ஜோடிச் செருப்போடு வந்து நட்டு முறுக்கினார். பதினெட்டாம் நாள் மாலை கடிதம் வந்தது. கவனக்குறைவு காரணமாக இசக்கியம்மாளின் பயிற்சி ரத்து செய்யப்படுகிறது, மோட்டாரைச் சரிசெய்து அறிக்கை அனுப்பவும் என்றிருந்தது. கமலவேணி மேடத்துக்குத் தனியாக ஒரு உறை. மேடம் தன் உறையைப் பிரிக்காமலே, 'மோட்டார் சரிசெய்யப்பட்டது' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அது கீழ்தண்ணி நாள், ஆகவே அதில் பொய்யில்லை.

இசக்கி டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கடிதத்தை அரிசிப் பானை மேல் வைத்தாள். செல்லக்கனிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விளக்கடியில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தாள்.

மறுநாள் காலை பத்து மாதத்தில் முதல்முறையாக இசக்கிக்குப் போக இடமில்லை. பால்வண்ணம் தனியாக வயரை மாற்றியிருக்கும் முதல் நாள் வேறு. அவர் சரியாகக் கட்டினாரா, கை வழுக்கியதா, அம்புக்குறியைப் பார்த்தாரா என்று குழாயடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆறரை ஆனது. குழாய் இருமியது. தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கி, திரும்பி, மேலே போனது.

அப்போதுதான் ரோசம்மா படியேறி முடித்து, இடுப்புக் குடத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். தெருக்காரிகள் ஒன்பது பேர் குடத்தோடு காத்திருந்தார்கள். செல்லக்கனி தன் குடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போய் ரோசம்மாவின் குடத்தை வாங்கினாள், அதைக் கவிழ்த்து, முப்பது வருடச் சுமையில் சுருங்கிப்போன கழுத்தை நிமிர்த்தி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"மேஸ்திரி இன்னும் வந்திருக்க மாட்டாரு. மூச்சு வாங்கிட்டுப் போ" என்றாள் ரோசம்மாவின் முகத்தைப் பார்த்து.

இசக்கிக்கு அழுகை வந்துவிட்டது. சான்றிதழுக்காக அழவில்லை, அதற்காகத்தான் என்று அம்மா நினைத்திருக்கலாம். செல்லக்கனி கையை இறக்காமலே மகள் பக்கம் திரும்பினாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவளிடம் பேசினாள்.

"என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? எனக்குக் கை கடுக்கு. வந்து இந்தப் பக்கம் புடி."